ஜீப்பில் பூத்த திருநீறு

ஏழுசுனை மலையில் ஒரு மடம் உண்டு. மடத்துக்கு ஒரு பழைய ஜீப்பும் உண்டு. மலை ஜனங்களுக்கு மடத்தைவிட ஜீப்பைத்தான் அதிகம் தெரியும். மலையில் போன் எடுக்காது. ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். பாம்பு கடித்தாலும் பிள்ளைவலி கண்டாலும் அந்த ஜீப்தான் இறங்க வேண்டும்.

ஜீப்பை ஓட்டுவது மடத்தின் தலைவி உமையாள். வயது நாற்பது இருக்கும். எல்லோருக்கும் அவர் அம்மா.

மூத்த சீடர் வடமலைக்கு அறுபது தாண்டிவிட்டது. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு மலையேறி வந்தவர், வரும்போது குரலை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை. தினமும் சாயங்காலம் விளக்கேற்றுவார். சங்கு ஊதுவார். பிறகு சொற்பொழிவு.

சொற்பொழிவு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்.

"செம்புல களிம்பு எப்படியோ, உயிர்ல ஆணவம் அப்படி! செம்பு எங்கேயும் போகலை. களிம்புதான் மறைக்குது!"

மலை ஜனங்கள் பக்தியோடு தலையாட்டுவார்கள். பாதிப்பேர் ஆட்டுவது தூக்கத்தில்.

ஆடி மாதம் பிறந்தது. வருஷத்துக்கு ஒருமுறை உமையாள் உச்சிக் குகையில் போய் மௌனம் இருப்பார். அதற்குக் கிளம்பிய காலையில் வடமலை வந்து கைகட்டி நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்கய்யா."

"சிவம் எனக்குள்ளேயே இருக்குன்னு சொல்றீங்க. நானும் அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்றேன். விளக்கேத்தறேன், சங்கு ஊதறேன், பாடறேன். ஆனா நான் இருந்த இடத்துலயேதான் இருக்கேன். உள்ளே இருக்குன்னா, நான் ஏன் ஒரு அடிகூட நகர மாட்டேங்கறேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. மனிதர் அளப்பார், ஆனால் பொய் சொல்லமாட்டார்.

உமையாள் இடுப்பிலிருந்து ஜீப் சாவியை எடுத்து நீட்டினார்.

"ஜீப்பைப் பார்த்துக்கோங்க. தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுங்க."

"அம்மா, என் கேள்வி..."

"செல்லக்கிளிக்குப் பிரசவ நாள் நெருங்குது. போன தடவை டோலி கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. பாதி வழியிலேயே குழந்தை தவறிப்போச்சு. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. வலி கண்டதும் குகை வாசல் மணியை அடிக்கச் சொல்லுங்க. நான் இறங்கி வந்துடறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டது சிவத்தை; கிடைத்தது சாவி. வடமலைக்கு முகம் சுருங்கிவிட்டது.

இருந்தாலும் குரு சொன்னது குரு சொன்னதுதான். தினமும் சாவியைத் திருப்பினார். ஜீப் உறுமியது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஜீப்புக்குப் பூஜை போடுவது அவர் வழக்கம். மற்றவர்கள் ஆயுத பூஜைக்கு மட்டும் வண்டிக்குச் சந்தனம் தடவுவார்கள். வடமலைக்கு வருஷத்துக்கு ஒன்று போதாது. சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு. பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கு மாலை. "இதுதான் வண்டிக்கு உயிர்" என்று பேட்டரிக்கு மட்டும் தனியாகப் பன்னீர் அபிஷேகம். பேட்டரிக்குத் தண்ணீர் எங்கே ஊற்றணும், எங்கே ஊற்றக் கூடாது என்று யார் அவருக்குச் சொல்வது? அவர்தான் எல்லோருக்கும் சொல்கிறவர்.

அந்த வெள்ளிக்கிழமை பானெட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பேட்டரியின் இரண்டு முனைகளிலும், கம்பி வந்து சேரும் இடத்தில், வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பஞ்சுபோல மெத்தென்று, கும்பல் கும்பலாக. நடுவே மெல்லிசாக நீலம்.

"திருநீறு!" என்று கத்தினார். "வெள்ளையில நீலம்! நீலகண்டன் வந்துட்டான்!"

அவர் குரல் இரண்டு ஊர் தாண்டிக் கேட்கும். கேட்டது.

மறுநாள் முதல் ஜீப் கொட்டகை கோயிலாகிவிட்டது. வாழைமரம் கட்டினார்கள். பேட்டரிமேல் சிவப்புப் பட்டு சாத்தினார்கள். வடமலை தினமும் கொஞ்சம் சுரண்டித் தன் நெற்றியில் மூன்று பட்டை போட்டுக்கொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நெற்றி எரிந்தது.

"அருளோட சூடு" என்றார்.

பட்டில் சின்னச் சின்ன ஓட்டை விழுந்தது.

"பஞ்சாட்சரம் பட்ட இடம்" என்றார். பதில் இல்லாத கேள்வி என்று ஒன்று அவரிடம் அதுவரை இருந்ததே இல்லை, தன்னைப் பற்றிய அந்த ஒரு கேள்வியைத் தவிர.

ஜீப்பை ஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிட்டார். சாமி குடியிருக்கிற இடத்தை உலுக்கலாமா?

ஆடிக்காற்றும் சாரலுமாக நாட்கள் போயின. திருநீறு இன்னும் நன்றாகப் பூத்தது.

ஒருநாள் காலையில் குகை மணி விடாமல் அடித்தது.

உமையாள் மலைப்பாதையில் ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தார். கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலில் செல்லக்கிளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். புருஷன் சடையன் அவள் கையைப் பிடித்திருந்தான். மாமியார் குப்பம்மா ஏழுசுனை ஆத்தாளைக் கூப்பிட்டபடி அங்கும் இங்கும் நடந்தாள். மௌனத்தில் இருந்து வந்த உமையாளின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"சாவி."

வடமலை கொடுத்தார். உமையாள் ஏறி உட்கார்ந்து திருப்பினார்.

டக்.

இன்னொரு தடவை திருப்பினார். டக். அவ்வளவுதான்.

சடையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, டோலி கட்டிடட்டுமா?"

டோலி என்ற சொல்லைக் கேட்டதும் செல்லக்கிளி தலையைத் தூக்கினாள். "வேணாம்! டோலி வேணாம்! அதுல போனா எம்புள்ள பொழைக்காது!" என்று அலறினாள். கட்டில் சட்டத்தைப் பிடித்த கையை விடவே இல்லை.

"டோலி வேண்டாம்மா. ஜீப்புலதான் போறோம்" என்றார் உமையாள்.

வடமலை பதறினார். "வண்டி நல்லாத்தான் இருக்கும்மா! பாருங்க, விளக்கு எரியுது!"

எரிந்தது.

"ஹாரன் அடிக்குது!"

அடித்தார். ஆடுகள் சிதறி ஓடின.

"எல்லாம் சரியா இருக்கு. நகரத்தான் மாட்டேங்குது."

உமையாள் திரும்பி அவரைப் பார்த்தார். கீழே இறங்கினார்.

"தள்ளிப் பாக்கலாம்மா" என்றான் சடையன்.

"தள்ளிக் கிளப்பிடலாம். பாதி மலையில நின்னுபோனா அங்கே யார் தள்ளுவா? பானெட்டைத் திற."

வடமலை குறுக்கே வந்தார். இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"அம்மா, மன்னிக்கணும். உள்ளே சாமி எழுந்தருளியிருக்கு. நீங்க குகையில இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாது. கை படக் கூடாது."

"என்ன சாமி?"

"திருநீறு. தானாப் பூத்த திருநீறு."

உமையாள் அவர் நெற்றியைப் பார்த்தார். மூன்று பட்டையும் சிவந்து புண்ணாகியிருந்தது.

"எரியுதா ஐயா?"

"எரியுதும்மா. ஆனா அது..."

"முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க."

சடையன் சொம்புத் தண்ணீரைக் கொடுத்தான். வடமலை கழுவினார். அதற்குள் உமையாள் பானெட்டைத் தூக்கிச் சிவப்புப் பட்டுத்துணியை விலக்கினார். கூடியிருந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

குப்பம்மா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "இந்தத் துண்ணூறைக் கொஞ்சம் புள்ள நாக்குல வச்சிட்டா வலி தாங்குவா."

உமையாள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். அம்மா பாய்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"வாயில போட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"போடக் கூடாது. யார்கிட்ட பொட்டலம் இருந்தாலும் எல்லாத்தையும் கொண்டு வந்து இங்கே வைங்க."

பொட்டலத்தைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு வடமலையைக் கையைப் பிடித்து அழைத்து வந்து பேட்டரிக்கு முன்னால் நிறுத்தினார்.

"முப்பது வருஷம் பாத்திரக்கடை வச்சிருந்தீங்க."

"ஆமாம்மா."

"இந்தக் கம்பி என்ன உலோகம்?"

"செம்பு."

"செம்புமேல இது என்ன?"

வடமலை குனிந்தார். கட்டிலில் செல்லக்கிளி ஒரு தடவை முனகினாள். சடையன் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வடமலை ஒரு குச்சியால் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது. நீலம் உதிர்ந்தது. அடியில் பச்சை. அந்தப் பச்சையை அவருக்குத் தெரியும். வாழ்நாளில் ஆயிரம் குடத்தில் அதைத் தேய்த்து எடுத்தவர் அவர். ஒவ்வொரு சாயங்காலமும் அதன் பெயரைச் சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவரும் அவர்தான்.

குச்சியைக் கீழே போட்டார்.

"களிம்பு."

சொன்னதும் அவர் உடம்பே ஒடுங்கிப்போனது. பார்த்தவர்களுக்குப் பாவமாக இருந்தது.

உமையாள் அவரை அப்படியே நிற்க விடவில்லை. "என்ன செய்யலாம், சொல்லுங்க."

"புளி. புளி கொண்டு வரட்டுமா? புளி போட்டுத் தேய்ச்சா..."

"இது அமிலத்தால வந்ததய்யா. புளிப்புக்குப் புளிப்பு மருந்தா?"

வடமலை நெற்றியைத் தடவிக்கொண்டார். "அப்ப ஆப்ப சோடா!"

"ஓடுங்க."

ஓடினார். அறுபது வயசுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடைப்பள்ளிக்கு ஓடினார். ஆப்ப சோடா டப்பா ஒரு கையில், வெந்நீர்ச் சொம்பு மறு கையில். பல் தேய்க்கிற தன் பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு வந்தார்.

உமையாள் ஸ்பேனரை நீட்டினார். "நீங்களே கழட்டுங்க. முதல்ல கறுப்புக் கம்பி. அப்புறம் சிவப்பு."

"நானா?"

"நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க?"

வடமலை ஸ்பேனரை வாங்கி மாட்டினார். நட்டும் அவரைப் போலவே பிடிவாதம். ஒரு தம் பிடித்துத் திருகினார். அசைந்தது. கறுப்பு வந்தது. சிவப்பு வந்தது.

சோடாவை வெந்நீரில் கரைத்தார்கள். உமையாள் குப்பம்மாவின் பொட்டலத்தைப் பிரித்து அதில் கொஞ்சம் போட்டார். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. கூட்டம் ஓரடி பின்னால் போனது.

"இதையா எம் மருமவ நாக்குல வைக்கப் பாத்தேன்?" என்று குப்பம்மா தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

வடமலை சோடாத் தண்ணீரை முனையில் ஊற்றினார். நுரை பொங்கி வழிந்தது. பிரஷ்ஷால் தேய்த்தார். மறுபடி ஊற்றினார். மறுபடி தேய்த்தார். நீலகண்டன் கரைந்து தரையில் ஓடினான். வடமலையின் கண்ணிலிருந்தும் நீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை. கை வேலையில் இருந்தது.

"காய்ஞ்ச துணி" என்றார்.

யாரோ துண்டைக் கொடுத்தார்கள்.

"உப்புத்தாள்."

சடையன் கொட்டகை மூலையிலிருந்து எடுத்து வந்தான். வடமலை முனையைத் தேய்த்தார். கம்பி நுனியில் இருந்த வளையத்தின் உட்புறத்தைத் தேய்த்தார். பாத்திரக்காரர் கை அல்லவா, வேலை பிடிபட்டுவிட்டது. குடத்தின் கழுத்தைத் திருப்புகிற மாதிரி வளையத்தைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். முனையின் ஈயம் பளிச்சென்று வந்தது. வளையத்தில் முகம் தெரிந்தது.

"இப்போ சிவப்பு முதல்ல" என்றார் உமையாள். "கறுப்பு கடைசி. நல்லா இறுக்குங்க. பிடி ஆடக் கூடாது."

இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"வாஸ்லின் இருக்கா?"

"என் பித்தவெடிப்புக்கு வச்சிருக்கேன்."

"அதுதான் வேணும். மேலாகத் தடவுங்க. ஈரம் அண்டாது."

காலுக்குப் பூசுவதைப் பேட்டரிக்குப் பூசினார். சந்தனம் பூசிய அதே விரல்தான்.

கட்டிலோடு செல்லக்கிளியைத் தூக்கி ஜீப்பின் பின்புறம் ஏற்றினார்கள். அவள் ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினாள். சடையன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏறுங்க" என்று உமையாள் வடமலையிடம் சொன்னார். "சாவியைத் திருப்புங்க."

"அம்மா, நீங்க..."

"திருப்புங்கய்யா."

வடமலை ஏறினார். ஸ்டியரிங்கில் அவரே வைத்த பொட்டு அவரைப் பார்த்தது. சாவியைப் பிடித்தார். மந்திரம் ஏதும் சொல்ல வாய் வரவில்லை. திருப்பினார்.

ஜீப் உறுமியது!

ஒரே திருப்பில், புலி மாதிரி உறுமியது. கொட்டகையின் வாழைமரம் அதிர்ந்தது. குப்பம்மா குலவை போட்டாள். அடுத்தடுத்து அத்தனை பெண்களும் போட்டார்கள். சடையன் வடமலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், புண் நெற்றியில் மோதியும் விடவில்லை.

"தள்ளி உட்காருங்க" என்று சொல்லி உமையாள் ஓட்டுநர் இடத்தில் ஏறினார்.

அந்த மலைப்பாதையில் ஜீப் அப்படி இறங்கி அதற்கு முன் யாரும் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு வடமலை எட்டி ஹாரன் அடித்தார். போன தடவை டோலி நின்றுபோன வேங்கைமர வளைவு வந்தது. செல்லக்கிளி வெளியே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜீப் அந்த மரத்தைத் தாண்டியது. சடையன் விட்ட பெருமூச்சு முன்சீட்டு வரைக்கும் கேட்டது.

அடிவார ஆஸ்பத்திரிக்குள் தூக்கிப்போய்ச் சற்று நேரத்தில் குழந்தை அழும் குரல் வந்தது. பெண் குழந்தை. குரல் வடமலையின் குரலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

நர்ஸ் வெளியே வந்து சொன்னாள். "ரெண்டு உசுரும் நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டமாப் போயிருக்கும்." பிறகு வடமலையைப் பார்த்தாள். "பெரியவரே, நெத்தியில என்ன, சூடு போட்டாங்களா?"

"நானே போட்டுக்கிட்டேன்மா" என்றார் வடமலை.

அவள் மருந்து தடவினாள். அவர் சிறுபிள்ளை மாதிரி தலையைக் குனிந்து கொடுத்தார்.

தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஜீப் மலையேறிய அன்று ஊரே புளியமரத்தடியில் நின்றது. மேளம் அடித்தார்கள். ஜீப்புக்கு மாலை போட்டார்கள். கூட்டத்தில் ஒருவர், மேலூரிலிருந்து அப்போதுதான் வந்தவர், பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"சாமி, துண்ணூறு வாங்கலாம்னு வந்தேன். இருக்குதா?"

மேளம் நின்றது. எல்லோரும் வடமலையைப் பார்த்தார்கள். உமையாள் மட்டும் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடமலை எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். இரண்டு ஊருக்குக் கேட்கிற குரலில் சொன்னார்.

"இல்லை! அது திருநீறே இல்லை! களிம்பு! பூஜை பண்ணிப் பண்ணி வளர்த்தவன் நான். கழுவினவனும் நான்! யார் வீட்டுல பொட்டலம் இருந்தாலும் கொண்டு வந்துடுங்க. யாரும் பூசக் கூடாது, திங்கக் கூடாது!"

குப்பம்மா பொக்கை வாயைத் திறந்தாள்.

"ஏன்யா, சாயங்காலமானா செம்புல களிம்பு, செம்புல களிம்புன்னு நீதானே உசுரை வாங்குவ? எதிர்ல வந்து நின்னப்ப உனக்கே அடையாளம் தெரியலையா?"

ஊர் சிரித்தது. மரத்தடியே குலுங்கியது. முதலில் திகைத்த வடமலையும் சிரித்தார். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மலையேறி வந்த நாளிலிருந்து அவர் தோளில் ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது போல் இருந்தது. பிள்ளையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மேளக்காரர்கள் மறுபடி வெளுத்து வாங்கினார்கள்.

கூட்டம் பிள்ளையோடு வீட்டுக்குப் போனது. உமையாள் ஜீப்பைக் கொட்டகைக்குள் விட்டார். வடமலை பானெட்டைத் திறந்து இரண்டு முனைகளையும் பார்த்தார். ஈயம் பளிச்சென்று இருந்தது.

"அம்மா."

"சொல்லுங்கய்யா."

"குகைக்குப் போற அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டேன். நீங்க பதிலே சொல்லலை."

"என்ன கேட்டீங்க?"

"உள்ளே இருக்குன்னா நான் ஏன் நகர மாட்டேங்கறேன்னு கேட்டேன்."

உமையாள் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"இதுக்குப் புது பேட்டரி போட்டோமா?"

"இல்லையேம்மா. அதே பழசுதான்."

"அப்ப மலையிறங்கிப் போய்த் தாயும் பிள்ளையுமா ஏத்திட்டு வந்தது எது?"

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் வடமலை விளக்கேற்றினார். சங்கு ஊதினார். சொற்பொழிவு நடக்கவில்லை.